வீடியோவின் வலது மூலைச் சதுரம்: சங்கரன்கோவில் வட்டார வெப்சைட் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

சங்கரன்கோவிலிலும், புளியங்குடி, திருவேங்கடம், குருவிகுளம், கரிவலம்வந்தநல்லூர் பக்கமும் இருந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்கும் விழாக் குழுவுக்கும் ஜவுளிக் கடைக்கும் வெப்சைட் செய்து கொடுக்கும் தம்பி, தங்கைகளே,

ஆடித் தபசு அன்று தெற்கு ரத வீதியில் கால் வைக்க இடம் இருக்காது. ஒற்றைக் காலில் தவம் நின்ற கோமதி அம்மனுக்குச் சிவனும் திருமாலும் ஓருருவாய், சங்கரநாராயணராய்க் காட்சி கொடுக்கும் மாலை அது. காட்டில் விளைந்த பருத்தியையும் மிளகாயையும் கொண்டுவந்து சூறைவிடும் சம்சாரிகளுக்கு நடுவே, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த கைகள் ஆயிரக்கணக்கில் தெரியும். ஊருக்கு வர முடியாதவர்கள் சென்னையிலும் மும்பையிலும் துபாயிலும் உட்கார்ந்து நேரலை பார்ப்பார்கள். யாரோ ஒருவர் யூட்யூப் நேரலையை எடுத்து ஒரு வெப்சைட்டின் நடுவே பதித்திருப்பார். வீடியோ ஓடும், சத்தம் கேட்கும். சாமியின் முகத்தை நன்றாகப் பார்க்கலாம் என்று வலது கீழ் மூலையில் இருக்கும் சின்னச் சதுரத்தைத் தொட்டால் மட்டும் ஒன்றும் நடக்காது. முழுத்திரைப் பட்டன் மங்கிக் கிடக்கும். சில பக்கங்களில் அது இருக்கவே இருக்காது.

இந்த மடல் அந்தச் சதுரத்தைப் பற்றியது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஒரு மடலா என்று கேட்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இன்று கடையில் கிடைக்கும் ஆறரை அங்குல போனை நிமிர்த்திப் பிடித்தால் திரையின் அகலம் ஏழு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குள் வரும் வீடியோவின் உயரம் நாலு சென்டிமீட்டர்கூட இல்லை. அதே போனைப் படுக்கவைத்து முழுத்திரையில் பார்த்தால் வீடியோவின் பரப்பு மூன்று மடங்குக்கும் மேல் பெரிதாகிறது. பக்கத்தின் இரு ஓரமும் இடம் விட்டு வடிவமைத்திருந்தால் வித்தியாசம் இன்னும் கூடும். கரும்பலகையில் ஆசிரியர் எழுதுகிற கணக்கு, துணி விற்பவர் காட்டும் ஜரிகையின் நெசவு, பேசுபவரின் உதட்டசைவு எல்லாமே அந்த மூன்று மடங்குக்குள்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. கண்ணாடி போட்ட பெரியவர்களுக்கு அது வசதி என்பதைத் தாண்டி, பார்ப்பதற்கும் பார்க்க முடியாமல் போவதற்கும் உள்ள வித்தியாசம்.

சரி, பட்டன் ஏன் வேலை செய்வதில்லை?

யூட்யூப் வீடியோவை ஒரு பக்கத்தில் பதிக்கும்போது அது ஐஃப்ரேம் என்ற சட்டத்துக்குள் உட்காருகிறது. உங்கள் பக்கம் ஒரு டொமைன், சட்டத்துக்குள் இருப்பது இன்னொரு டொமைன். உள்ளே இருப்பவர் திரை முழுவதையும் கேட்டால், வெளியே இருக்கும் பக்கம் முன்கூட்டியே சம்மதம் கொடுத்திருக்க வேண்டும் என்பது பிரவுசரின் விதி. அந்தச் சம்மதம்தான் ஐஃப்ரேம் டேகில் வரும் 'அலோஃபுல்ஸ்கிரீன்' என்ற ஒற்றைச் சொல். யூட்யூபின் 'பகிர்' பகுதியில் கிடைக்கும் எம்பெட் கோடில் அது தானாகவே இருக்கும். அழகுக்காக அதைச் சுருக்கி, அகலம் உயரத்தை மாற்றி, தேவையில்லை என்று தோன்றியதை எல்லாம் வெட்டும்போதுதான் அது போய்விடுகிறது. ரியாக்டில் எழுதுபவர்கள் நடுவில் எஃப்பையும் எஸ்ஸையும் பெரிய எழுத்தாக்கி எழுத வேண்டும். வேர்ட்பிரஸில் யூட்யூப் முகவரியைத் தனி வரியாக ஒட்டினாலே போதும், சரியான டேக் தானே வரும். அட்மின், எடிட்டர் அல்லாத பயனர்கள் ஐஃப்ரேமைக் கையால் ஒட்டினால் பாதுகாப்புக்காக வேர்ட்பிரஸ் அதை நீக்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். "வீடியோவே காணோம் அண்ணே" என்று பள்ளிக்கூடத்திலிருந்து வரும் போனுக்குப் பல நேரம் அதுதான் காரணம்.

இந்தச் சொல்லுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. ஃபிளாஷ் கோலோச்சிய காலத்தில், 2006 நவம்பரில் வெளிவந்த ஃபிளாஷ் பிளேயர் 9இன் ஒரு திருத்தப் பதிப்பில்தான் பக்கத்துக்குள் இருக்கும் வீடியோ திரையை நிறைக்கும் வசதி வந்தது. அன்றைக்கே அடோபி நாலு கட்டுப்பாடு வைத்திருந்தது. பக்கத்தை எழுதியவர் அதே பெயரில் ஒரு சம்மதத்தை டேகில் எழுத வேண்டும். பார்ப்பவர் கிளிக் செய்தால்தான் திரை விரியும். விரிந்ததும் 'வெளியேற எஸ்கேப்' என்ற அறிவிப்பு சில நொடி தெரியும். எழுத்துகளைத் தட்டச்சு செய்ய விடாது. 2020 டிசம்பர் 31உடன் அடோபி ஃபிளாஷைக் கைவிட்டது. ஃபிளாஷ் போன பிறகும் அதன் சம்மதச் சொல்லும் கிளிக் கட்டுப்பாடும் எச்டிஎம்எல்லில் பிழைத்துக் கிடக்கின்றன. அவற்றை வைத்தவர்கள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

டேகில் சம்மதம் சரியாக எழுதியும் பட்டன் வேலை செய்யாத வகை ஒன்று உண்டு. இதில்தான் அனுபவசாலிகளும் சிக்குகிறார்கள். 'பெர்மிஷன்ஸ் பாலிசி' என்று சர்வர் அனுப்பும் ஒரு ஹெட்டர் இருக்கிறது. கேமரா, மைக், இருப்பிடம், முழுத்திரை போன்றவற்றை யார் பயன்படுத்தலாம் என்று அதில் சொல்லலாம். அரசு சார்ந்த வெப்சைட் என்றால் பாதுகாப்புத் தணிக்கை கேட்பார்கள். தணிக்கையில் பாஸாக வேண்டும் என்று எங்கிருந்தோ ஒரு ஹெட்டர் வரியை எடுத்து அப்படியே ஒட்டிவிட்டால் அதில் முழுத்திரை 'செல்ஃப்' என்று இருக்கலாம். 'என் டொமைனுக்கு மட்டும்' என்று அர்த்தம். யூட்யூப் உங்கள் டொமைன் கிடையாது. டேகில் என்ன எழுதினாலும் இனி சதுரம் விரியாது. வீடியோவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று யாருக்கும் தோன்றாது. குற்றம் யூட்யூப் மேல் விழும். தணிக்கை கேட்பது நியாயம்தான். ஒட்டிய வரியைப் படித்துப் பார்ப்பதும் நியாயம்தானே.

சட்டத்துக்குள் சட்டம் இருந்தாலும் இதே கதை. பள்ளியின் பாடப் பக்கம் ஒரு ஐஃப்ரேமில், அதற்குள் வீடியோ இன்னொரு ஐஃப்ரேமில் என்றால் இரண்டு இடத்திலும் சம்மதம் வேண்டும். ராஜகோபுர வாசல் திறந்திருந்தும் உள் பிரகாரக் கதவு சாத்தியிருந்தால் சந்நிதிக்குப் போக முடியாது அல்லவா, அதுபோலத்தான்.

இனி ஜாவாஸ்கிரிப்ட். யூட்யூப் கொடுக்கும் சதுரம் சின்னது, பெரியவர்களுக்குத் தெரிவதில்லை, 'பெரிதாகப் பார்க்க' என்று தமிழில் ஒரு பட்டன் வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டால் என்ன செய்வீர்கள்? பலரும் முதலில் போய்த் தேடுவது யூட்யூபின் பிளேயர் ஏபிஐயில். ஓட்டு, நிறுத்து, சத்தத்தைக் கூட்டு என்று எல்லாவற்றுக்கும் அதில் கட்டளை உண்டு. முழுத்திரைக்கு மட்டும் இல்லை. சட்டத்துக்கு உள்ளே கைவிட்டு வீடியோவைத் தொடவும் பிரவுசர் விடாது, அது வேறு டொமைன். வழி ஒன்றுதான். வீடியோவை விட்டுவிட்டு, அந்த ஐஃப்ரேமையோ அதைச் சுற்றியிருக்கும் டிவ்வையோ முழுத்திரை ஆகச் சொல்வது. அது உங்கள் பக்கத்தின் சொத்து. 'ரிக்வெஸ்ட்ஃபுல்ஸ்கிரீன்' என்ற கட்டளையை அதன் மீது கொடுத்தால் போதும். வெளியே வர டாக்குமெண்டின் மேல் 'எக்ஸிட்ஃபுல்ஸ்கிரீன்'. இப்போது எது திரையை நிறைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள 'ஃபுல்ஸ்கிரீன்எலிமெண்ட்'. அவ்வளவுதான் ஏபிஐ, ஒரு பீடிக்கட்டுக் காகிதத்தில் எழுதிவிடலாம்.

இவ்வளவு எளிதாக இது எப்போதும் இருந்ததில்லை. மொசில்லாவில் பணியாற்றிய நியூசிலாந்துக்காரர் ராபர்ட் ஓகல்லஹான் இந்த ஏபிஐக்கான ஆரம்ப வரைவை முன்வைத்தவர்களில் முக்கியமானவர். 2011இல் சஃபாரி 5.1, குரோம் 15 இரண்டிலும், 2012 தொடக்கத்தில் ஃபயர்ஃபாக்ஸ் 10இலும் வசதி வந்தது. ஆளுக்கொரு முன்னொட்டு: வெப்கிட், மாஸ். பின்னாலேயே மைக்ரோசாஃப்டும் தன் பங்குக்கு எம்எஸ் போட்டது. போதாக்குறைக்கு, சிலவற்றில் 'ஸ்கிரீன்' பெரிய எஸ், சிலவற்றில் சின்ன எஸ். நாலு விதமாக எழுதிப் பார்த்து எது இருக்கிறதோ அதைக் கூப்பிடும் நிரல் துண்டு உலகமெங்கும் ஒட்டப்பட்டது. 2018 டிசம்பரில் குரோம் 71உம் ஃபயர்ஃபாக்ஸ் 64உம் ஒரே மாதத்தில் முன்னொட்டு இல்லாத பெயருக்கு வந்தன. சஃபாரி மெல்ல நடந்து 2023 மார்ச்சில், 16.4 பதிப்பில் வந்து சேர்ந்தது. பழைய மேக், ஐபேட் வைத்திருப்பவர்களுக்காக வெப்கிட் முன்னொட்டை மட்டும் இன்னும் சில காலம் வைத்திருங்கள். மற்றவற்றைத் தாராளமாக அழிக்கலாம்.

இந்த ஏபிஐயில் எல்லோரும் இடறும் கல் ஒன்று உண்டு. பக்கம் திறந்ததும் வீடியோ தானாக முழுத்திரையில் ஓட வேண்டும் என்று கேட்கும் வாடிக்கையாளர் எல்லா ஊரிலும் இருக்கிறார். முடியாது என்று அவரிடம் நேராகச் சொல்லுங்கள். பார்ப்பவர் தொட்டாலோ கிளிக் செய்தாலோ விசையை அழுத்தினாலோ மட்டுமே பிரவுசர் இந்தக் கட்டளைக்கு இணங்கும். அந்தத் தொடுதலின் செல்வாக்கும் நெடுநேரம் நிற்காது. குரோமில் ஏறக்குறைய ஐந்து நொடி. சஃபாரியில் அதைவிடக் குறைவு.

இங்கேதான் ஒரு நுட்பமான பிழை ஒளிந்திருக்கிறது. பட்டனைத் தொட்டதும் சர்வரிடம் வீடியோ முகவரியைக் கேட்டு, பதில் வந்த பிறகு முழுத்திரைக் கட்டளையைக் கொடுத்தால், உங்கள் மேசையில் ஃபைபர் இணைப்பில் எல்லாம் சரியாக நடக்கும். பதில் அரை நொடியில் வந்துவிடும். சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டும் ஊரில் அதே பதில் வர ஏழெட்டு நொடி ஆகலாம். அதற்குள் தொடுதல் காலாவதி. பிரவுசர் மறுத்துவிடும். பார்ப்பவருக்குத் தெரிவதெல்லாம், பட்டன் வேலை செய்யவில்லை என்பதுதான். "எங்கிட்ட நல்லாத்தான வேலை செய்யுது" என்று நீங்கள் சொல்வீர்கள், அதுவும் உண்மை. ஆகவே வரிசையை மாற்றுங்கள். தொட்ட மறு கணமே, வேறு எதற்கும் காத்திராமல், சுற்றியிருக்கும் டிவ்வை முழுத்திரை ஆக்குங்கள். வீடியோ அதற்குள் ஆற அமர வரட்டும். கட்டளை ஒரு பிராமிஸைத் திருப்பித் தரும். அது மறுக்கப்பட்டால் என்ன செய்வது என்றும் இரண்டு வரி எழுதி வையுங்கள்.

இந்த வரிசையில் ஒரு லாபமும் இருக்கிறது. பக்கம் திறக்கும்போதே யூட்யூப் பிளேயரை இறக்காமல், வீடியோவின் முகப்புப் படத்தை மட்டும் காட்டலாம். படத்தைத் தொட்டதும் டிவ் விரியும்; அதற்குள் ஐஃப்ரேம் புதிதாக முளைத்து வீடியோ ஓடத் தொடங்கும். ஒரே தொடுதலில் இரண்டு வேலை. பார்க்காத வீடியோவுக்காகப் பிளேயரின் நூற்றுக்கணக்கான கேபி ஜாவாஸ்கிரிப்டை இறக்கும் செலவும் மிச்சம். தினசரி டேட்டா தீர்ந்துபோகும் வீட்டில் இதன் அருமை தெரியும். ஆண்ட்ராய்டு குரோமில், முழுத்திரை ஆனதும் திரையைக் கிடைவாக்கில் பூட்டவும் ஒரு கட்டளை உண்டு: 'ஸ்கிரீன் ஓரியண்டேஷன் லாக்'. போனைத் திருப்பினாலும் படம் திரும்பாதபடி 'ஆட்டோ ரொட்டேட்'டை அணைத்து வைத்திருப்பவர்கள்தான் ஊரில் அதிகம். அவர்களுக்கு இது பெரிய உதவி.

ஐபோன் தனிக் கதை. 2016 செப்டம்பரில் ஐஓஎஸ் 10 வரும்வரை ஐபோனில் எந்த வீடியோவை ஓட்டினாலும் கேட்காமலே முழுத்திரைக்குப் போய்விடும். பக்கத்துக்குள்ளேயே ஓடவைக்க முடியவில்லையே என்று உலகத்து டெவலப்பர்கள் அன்று புலம்பினார்கள். 'பிளேஸ்இன்லைன்' வந்தது, புலம்பல் நின்றது. பிறகு தலைகீழ்ப் புலம்பல். காரணம், ஐபோன் சஃபாரியில் ஆண்டுக்கணக்காக டிவ், ஐஃப்ரேம் போன்றவற்றை முழுத்திரை ஆக்க வழியில்லை. வீடியோ டேகை மட்டும், 'வெப்கிட்என்டர்ஃபுல்ஸ்கிரீன்' என்ற ஆப்பிளின் தனிக் கட்டளையால் விரிக்கலாம். ஐபேடுக்கு அந்தத் தடை 2018இலேயே தளர்ந்தது. ஐபோனில் குரோம் வைத்திருக்கிறேன் என்று சொல்பவருக்கும் விடிவில்லை. பெயர்தான் குரோம், உள்ளே இருப்பது ஆப்பிளின் வெப்கிட்.

ஆகவே யூட்யூப் பதிப்புக்கு மேலே நீங்கள் வைக்கும் தமிழ்ப் பட்டன் ஐபோனில் செத்த பட்டனாக நிற்கும் வாய்ப்பு அதிகம். 'ஃபுல்ஸ்கிரீன்எனேபிள்டு' என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்று பதில் வந்தால் பட்டனை மறைத்துவிடுங்கள். யூட்யூபின் சொந்தச் சதுரம் அங்கே வேலை செய்யும். அல்லது சிஎஸ்எஸ்ஸை வைத்து டிவ்வைத் திரையின் நாலு மூலைக்கும் இழுத்து ஒரு போலி முழுத்திரை செய்யலாம். முகவரிப் பட்டை மட்டும் மேலேயோ கீழேயோ நிற்கும். பாதகமில்லை. வேலை செய்யாத பட்டனைவிட அது மேல்.

பள்ளிகளுக்கு வேலை செய்து கொடுப்பவர்களிடம் கொஞ்சம் கூடுதலாகப் பேச வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் 2018 முதல் க்யூஆர் கோடு அச்சாகிறது. போனைக் காட்டினால் 'திக்‌ஷா' தளத்தில் இருக்கும் வீடியோவுக்குப் போகலாம். 2019 ஆகஸ்ட் 26 அன்று கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அடுத்த ஆண்டே கொரோனா வந்து பள்ளிகள் மூடியபோது, அதன் பாடங்களைத் தொலைக்காட்சியிலும் யூட்யூபிலும் பிள்ளைகள் பார்த்தார்கள். வீட்டுக்கு ஒரே போன், அதைச் சுற்றி இரண்டு மூன்று தலைகள் என்ற நிலையில் பாடம் நடந்த காலம் அது. இன்றைக்கு ஸ்மார்ட் வகுப்பறையில் ஆசிரியர் அதே வீடியோவைப் பெரிய திரையில் போடுகிறார். கடைசி பெஞ்சுக்குத் தெரிய வேண்டுமானால் முழுத்திரை கட்டாயம்.

பாட வீடியோவில் கவனிக்க வேண்டியது, கூடவே வரும் எழுத்து. வீடியோவுக்கு மேலே தமிழில் வரிகளையோ கேள்விகளையோ தனி டிவ்வாக மிதக்கவிட்டிருந்தால், வீடியோவை மட்டும் முழுத்திரை ஆக்கும்போது அந்த எழுத்து காணாமல் போகும். முழுத்திரை ஆகும் பொருளும் அதற்குள் இருப்பவையும் மட்டுமே திரையில் தெரியும். வெளியே இருப்பவற்றை 'இசட் இண்டெக்ஸ்' லட்சம் கொடுத்தாலும் மேலே கொண்டுவர முடியாது. வீடியோ, எழுத்து இரண்டையும் ஒரே டிவ்வுக்குள் வைத்து அந்த டிவ்வை விரியுங்கள். யூட்யூபை விட்டு, சொந்த சர்வரில் வீடியோ வைத்திருந்தால், வசன வரிகளை 'வெப்விடிடி' கோப்பாக எழுதி டிராக் டேகில் இணைப்பது இன்னும் உசிதம். ஐபோனின் சொந்த பிளேயர் திரையை எடுத்துக்கொண்டாலும் அந்த வரிகள் கூடவே போகும். காது கேளாத பிள்ளைக்கு அந்த வரிதான் பாடம்.

மேலே பாதியில் விட்ட பயத்துக்கு வருவோம். பிரவுசர்கள் ஏன் இத்தனை கெடுபிடி செய்கின்றன? 2012 அக்டோபரில் ஃபெராஸ் அபூகதீஜே என்ற அமெரிக்க டெவலப்பர் ஒரு செயல்விளக்கம் வெளியிட்டார். பக்கத்தில் ஒரு வங்கிக்கான இணைப்பு இருக்கும். மவுஸை மேலே கொண்டுபோனால் வங்கியின் அசல் முகவரியே தெரியும். கிளிக் செய்ததும் பக்கம் முழுத்திரைக்குப் போய், பிரவுசரின் பட்டைகள், பூட்டுக் குறி, முகவரி உட்பட அனைத்தையும் படமாக வரைந்து காட்டும். பார்ப்பவர் வங்கியின் தளத்தில் இருப்பதாக நினைத்துக் கடவுச்சொல்லைத் தட்டுவார். திரை முழுவதையும் ஒருவரிடம் கொடுத்துவிட்டால் அவர் எதையும் வரையலாம் என்பதுதான் அவர் காட்டிய பாடம். 'இந்தத் தளம் முழுத்திரையில் இருக்கிறது, வெளியேற எஸ்கேப் அழுத்தவும்' என்று பிரவுசர் மேலே காட்டும் அறிவிப்பை நீக்க ஜாவாஸ்கிரிப்டில் வழி கொடுக்காததற்குக் காரணம் இதுவே. அதை எரிச்சல் என்று நினைத்து மறைக்க வழி தேடாதீர்கள்.

இது அமெரிக்காவோடு நின்ற சங்கதியும் இல்லை. 2021 ஆகஸ்டில் டெல்லி காவல்துறையின் சைபர் பிரிவு தமிழ்நாட்டைச் சேர்ந்த மூவரைக் கைது செய்தது. ஆபாசப் படம் பார்த்ததற்காக 3,000 ரூபாய் அபராதம் கட்டச் சொல்லும் போலி போலீஸ் நோட்டீஸைக் கம்ப்யூட்டர் திரையில் காட்டிப் பணம் பறித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. உலகெங்கும் இந்த வகை மோசடிப் பக்கங்கள் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான்: எங்கேயாவது ஒரு கிளிக்கை வாங்கி, திரையை நிறைத்து, வெளியேற வழியில்லை என்று மிரட்டுவது. எஸ்கேப் விசை இருக்கிறது என்று தெரியாதவர் பணம் கட்டிவிடுகிறார். உங்கள் அப்பா, அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் அந்த விசையையும், சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணையும் சொல்லிக் கொடுங்கள். போனில் எஸ்கேப் விசைக்குப் பதில் பின்செல்லும் பட்டன்.

நியாயமான முழுத்திரைக் கட்டாயமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். வேலைக்கான ஆன்லைன் தேர்வு எழுதியவர்களுக்கு அது தெரியும். திருச்சி என்ஐடியில் படித்த இருவர் தொடங்கிய ஹேக்கர்ரேங்க் போன்ற தளங்களில், முழுத்திரையில் இருந்தே தேர்வு எழுத வேண்டும் என்று நிறுவனம் வைக்கலாம். நீங்கள் வெளியேறினால் 'ஃபுல்ஸ்கிரீன்சேஞ்ச்' என்ற நிகழ்வு கிளம்பும், தளம் அதைக் குறித்துக்கொள்ளும். அங்கேகூடத் தளத்தால் உங்களைப் பூட்டி வைக்க முடியாது, வெளியேறியதை அறிய மட்டுமே முடியும். வீடியோ பக்கத்துக்கும் இதே நிகழ்வு உதவும்: பார்ப்பவர் எஸ்கேப் அழுத்தி வெளியே வந்ததும் உங்கள் பட்டனின் எழுத்து 'சிறிதாக்கு' என்பதிலிருந்து 'பெரிதாகப் பார்க்க' என்று மாற வேண்டும். கிளிக்கை மட்டும் எண்ணிப் பட்டனை மாற்றியிருந்தால் அது தப்பாகவே காட்டிக்கொண்டிருக்கும். நிகழ்வைக் கேளுங்கள், கிளிக்கை எண்ணாதீர்கள்.

தென்காசி பக்கத்து மத்தளம்பாறையில் 2011இல் மென்பொருள் நிறுவனமான ஜோஹோ அலுவலகம் திறந்தபோது, தென்காசியிலிருந்து உலகத்துக்கு மென்பொருளா என்று சிரித்தவர்கள் உண்டு. ஜோஹோ டெஸ்க் அங்கேதான் உருவானது. திறமை இந்த மண்ணில் இருக்கிறதா என்ற கேள்விக்கு இனி யாரும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. உள்ளூர் வெப்சைட்டுகளில் குறைவது திறமையும் இல்லை. செய்து முடித்த பிறகு பார்ப்பவரின் கையில் இருக்கும் போனில் ஒருமுறை திறந்து பார்க்கும் பொறுமைதான். எட்டாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு ஒன்று, யாரிடமாவது கடன் வாங்கிய ஐபோன் ஒன்று, வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டா. சோதனைக்கு இவ்வளவு போதும்.

அடுத்த ஆடித் தபசுக்கு இன்னும் காலம் இருக்கிறது. நீங்கள் இதுவரை செய்து கொடுத்த தளங்களில் வீடியோ இருக்கும் பக்கங்களை இந்த வாரமே திறந்து பாருங்கள். சதுரத்தைத் தொடுங்கள். விரியாவிட்டால் முதலில் ஐஃப்ரேம் டேகையும், அடுத்து ஹெட்டரையும் பாருங்கள். பெரும்பாலும் அந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். சரிசெய்ய ஐந்து நிமிடம் ஆகும். அதற்குக் கட்டணம் கேட்காதீர்கள்.